மழைக்கு முன் துரத்தப்பட்ட ஆண்கள்

"ஸ்டெல்லாக்கா, கொஞ்சம் கீழ வா. படிக்கட்டுல இன்னாவோ செத்துகினு கீது."

கூப்பிட்டது ஃபாத்திமா. எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருந்த பெண். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். கையில் காலி வாளியோடு முதல் படியில் நின்றிருந்தாள். அதற்கு மேலிருந்த படிகள் முழுக்கக் கறுப்பு உளுந்தைச் சிந்தியது போலத் தேனீக்கள். சில அசையாமல் கிடந்தன. சில காலை இழுத்துக்கொண்டு சிமெண்டில் ஊர்ந்தன. ஒன்று மல்லாந்து கிடந்து, எழ முடியாமல் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் உடனே குனிந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. முகத்தை வடக்குப் பக்கம் திருப்பி, மூக்கால் காற்றை உறிஞ்சினேன். ஃபாத்திமாவும் அதையேதான் செய்தாள். எதிர் வீட்டு வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த டேனியல் அண்ணன் எங்களைப் பார்த்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் வடக்கே திரும்பி உறிஞ்சினார்.

வடக்கே திரும்பும் மூக்குகள்

வேறு ஊர்க்காரர்கள் செத்த காக்கையைக் கண்டால் காக்கையைப் பார்ப்பார்கள். திருவொற்றியூர்க்காரர்களான நாங்கள் ரசாயன ஆலைகள் இருக்கும் எண்ணூர்ப் பக்கம் பார்ப்போம். கழிமுகத்தில் மீன் மிதந்தாலும், தெருநாய் சுருண்டு கிடந்தாலும், செடியில் இலை கருகினாலும் எங்களுக்கு முதல் வேலை மூக்குக்குத்தான். நான் பிறந்தது ராயபுரத்தில். அங்கே கடல் வாடையும் கப்பல் சரக்கு வாடையும்தான். கல்யாணமாகி இங்கே வந்த முதல் வருடத்திலேயே என் மூக்கும் வடக்கே திரும்பக் கற்றுக்கொண்டது.

எத்தனையோ முறை வாடை வந்திருக்கிறது. கண் எரியும், தொண்டை கமறும். எந்தக் குழாய், எந்த வால்வு என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வந்து "பயப்படத் தேவையில்லை" என்று மட்டும் தவறாமல் சொல்லிவிடுவார். அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்குப் பயமே பிடிக்கும்.

அன்று அப்படி எந்த வாடையும் இல்லை. கருவாடு, லாரிப் புகை, யார் வீட்டிலோ தாளித்த கடுகு. அவ்வளவுதான்.

"வாட ஒண்ணியும் இல்லியே, அப்பால ஏன் சாவுது?" என்றார் டேனியல் அண்ணன்.

"வாட இல்லாத கேஸும் கீதாம்ண்ணா" என்றாள் ஃபாத்திமா. வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அந்தக் கை எதற்காக அங்கே போனது என்று எனக்குத் தெரியும். இதற்கு முன் ஒரு குழந்தை ஆறாம் மாதத்திலேயே தவறிப்போயிருந்தது. காரணம் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஃபாத்திமா ஒரு காரணம் வைத்திருந்தாள். அந்த வாரம் காற்று சரியில்லை, அதனால்தான் என்பது அவள் முடிவு. அதை ஆமாம் என்றும் சொல்ல எனக்குத் தைரியமில்லை, இல்லை என்றும் சொல்லத் தைரியமில்லை.

இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பஸ், ரயில், அலைச்சல் எதுவும் கூடாது. ஆனால் ஃபாத்திமாவின் அம்மா வீடு ஆம்பூரில். தேனீக்களைப் பார்த்த மறு நிமிடமே அவள் தன் கணவன் ரஃபீக்குக்குப் போன் போட்டாள். அவன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை பார்ப்பவன். அவள் பேசியது எனக்கும் கேட்டது.

"வெள்ளிக்கெயம காலைல ரயிலுக்கு டிக்கெட் போடு. நான் இங்க இருக்க மாட்டேன்."

காற்றில் உண்மையிலேயே ஏதாவது இருந்தால் அவள் போகத்தான் வேண்டும். இல்லாவிட்டால், அந்த உடம்போடு ரயிலேறுவதுதான் ஆபத்து. தேனீக்கள் எதனால் சாகின்றன என்பதை வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஓய்வு பெற்றவரின் மூன்றாவது ஆசை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக, எங்கள் மாடிக்குத் தேனீ வந்த கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஆரோக்கியம், துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு முதலில் மீன்தொட்டி ஆசை வந்தது. பிறகு கீபோர்டு. அந்தக் கீபோர்டு தெருவுக்குச் செய்த கொடுமையைப் போன அத்தியாயத்தில் எழுதி, போதுமான திட்டும் வாங்கிவிட்டேன். மூன்றாவதாக வந்ததுதான் தேனீ.

மாதவரத்தில் ஒரு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். மார்த்தாண்டத்துக்காரர் ஒருவரிடம் இரண்டு பெட்டி வாங்கினார். மாடிப்படி முடியும் இடத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தார். டேனியல் அண்ணன் படகுக்கு அடித்தது போக மீந்த பெயிண்டில் ஒன்றுக்கு நீலம், இன்னொன்றுக்குப் பச்சை. முதல் கொட்டு கண் இமையில் விழுந்த அன்றே அவருடைய ஆசை இறங்கிவிட்டது. எனக்குப் பிடித்துக்கொண்டது.

"உங்க ஏரியா தேன்ல டீசல் வாடை வருமா?" என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். வந்து பார்த்தால் தெரியும். இங்கே வீட்டுக்கு ஒரு முருங்கை. ரயில் பாதை ஓரமெல்லாம் புங்கமரம். கல்லறைத் தோட்டத்தில் வேம்பு. தேனீக்கு அது போதும். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போய்ப் பூவைத் தேடிக்கொண்டுதான் வரும்.

ஒன்றுகூடக் கொட்டவில்லை

மூக்கு வேலை முடிந்த பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். ஒரு காகிதத்தில் செத்ததையும் சாகக் கிடந்ததையும் அள்ளினேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்தியது. எல்லாம் ஒரே ஜாடை. தினமும் பூவுக்குப் போய்வரும் தேனீயைவிடக் குண்டு. நிறம் நல்ல கறுப்பு. தலையில் பாதிக்கு மேல் கண்தான்.

ஃபாத்திமா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை விரலால் தொட்டாள். நான் பதறினேன். அது கொட்டவில்லை. கொட்ட அதற்குக் கொடுக்கே இல்லை.

"அல்லாமே ஆம்பளையா இது?" என்றாள், ஆணுக்குக் கொடுக்கு கிடையாது என்று நான் சொன்னதும்.

ஆண்தான். ஒரு பெட்டியில் ஆயிரக்கணக்கில் பெண் தேனீக்கள். வேலை அத்தனையும் அவர்களுடையது. முட்டையிட ஒரே ஒரு ராணி. சீசனில் மட்டும் கொஞ்சம் ஆண்கள். காகிதத்தில் ஒரு பெண் தேனீகூட இல்லை என்பதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கவனித்தோம். கேஸ் ஆண், பெண் பார்த்தா கொல்லும்?

மாடிக்கு ஏறினோம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். நீலப் பெட்டியின் வாசலில் நடந்ததைப் பார்த்தோம். இரண்டு பெண் தேனீக்கள் ஒரு குண்டு ஆணை இறக்கையைக் கடித்து இழுத்துக்கொண்டு வந்தன. அவன் காலை ஊன்றி நின்று பார்த்தான். முடியவில்லை. விளிம்புக்குக் கொண்டுவந்து கீழே தள்ளிவிட்டன. அவன் தட்டுத் தடுமாறிப் பறந்து வந்து மறுபடியும் வாசலில் இறங்கினான். காவலுக்கு நின்றவை தலையாலேயே முட்டி விரட்டின. அவன் போய் விழுந்த இடம்தான் எங்கள் மாடிப்படி.

என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"ரிடையர் ஆனவனையெல்லாம் இப்டிதான் தூக்கிப் போடுதுங்களா?" என்றார்.

"வேல செஞ்சி ரிடையர் ஆனவன இல்ல. வேலயே செய்யாதவன" என்றேன்.

அவர் கீழே இறங்கி, அன்று கேட்காமலே கடைக்குப் போய்ப் பால் வாங்கிவந்தார்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு ஆறுதல்

பெட்டி விற்றவருக்குப் போன் போட்டு, ஃபாத்திமாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். மழைக்காலம் தொடங்கப்போகிறது, பூ குறையும், உள்ளே இருக்கும் தேனை மிச்சம் பிடிக்க ஆண்களைத் தள்ளுகின்றன என்றார். முதலில் ஊட்டுவதை நிறுத்தும். ஆண்கள் தேனடையின் ஓரத்துக்கு ஒதுங்கி, தெம்பிழந்து நிற்பார்கள். அதன் பிறகு இழுத்து வெளியே போடும். முதலில் சோறு நிறுத்தம், பிறகு வெளியேற்றம் என்ற இந்த வரிசையை மனிதர்களிடமும் பார்த்திருக்கிறேன். பெயரைச் சொன்னால் உறவு கெட்டுவிடும்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். "நீங்க ஒண்ணும் பயப்படண்டாம்" என்று சேர்த்துச் சொன்னார்.

ஃபாத்திமாவின் முகம் மாறிவிட்டது. "பாத்தியா, இவரும் அதையே சொல்றாரு. அவரு எங்கியோ கீறாரு. நம்ம காத்து அவருக்கு இன்னா தெரியும்? ஆம்பள ஈக்கு ஒடம்பு வீக்கா இருக்கும், கேஸ்ல அது மொதல்ல சாவுதோ இன்னாவோ. செத்தத இதுங்க வெளிய போடுதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. கண்ணால் பார்த்த பிறகுமா என்று கேட்க நினைத்தேன். ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. நோயாளியை வெளியே போடுவதும், நோயில்லாதவனைத் துரத்துவதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும்.

"சரி, பச்சப் பொட்டி ஏன் யாரையும் தூக்கிப் போடல?" என்றாள் அடுத்து.

பச்சைப் பெட்டி வாசலில் ஆண்கள் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள் போலச் சாவகாசமாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒரே மாடி, ஒரே காற்று, இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிகூட இல்லை.

மைதா பூசிய ஆண்கள்

யோசனை அவளுடையதுதான். மறுநாள் காலையில் சமையலறையிலிருந்து ஒரு கரண்டி மைதா கொண்டுவந்தாள். நீலப் பெட்டி தள்ளிவிட்ட ஆண்களில் இன்னும் அசைந்துகொண்டிருந்தவற்றைப் பொறுக்கி, முதுகில் மாவைத் தொட்டு வைத்தோம். அவற்றைச் சுவர் மேல் வெயில்படும் இடத்தில் விட்டோம். சிலவற்றால் பறக்கவே முடியவில்லை. சில வெயில் ஏறியதும் எழும்பின.

"இன்னா பண்ணப் போறே?" என்று அவளைக் கேட்டேன்.

"எங்க போவுதுன்னு பாக்கப் போறேன். கேஸால சாவறதுன்னா எங்க போனாலும் சாவும்."

பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவள் உட்கார்ந்தாள். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். வெள்ளை முதுகுக்காரன் ஒருவன் நேராக நீலப் பெட்டிக்கே போய் முட்டு வாங்கினான். இன்னொருவனும் அப்படியே. மூன்றாவது ஒருவன் கொஞ்சம் சுற்றிவிட்டுப் பச்சைப் பெட்டியில் இறங்கினான். காவல் தேனீ அவனை முகர்ந்து பார்த்தது. அது வழியை விட்டது. அவன் உள்ளே நடந்து போனான்.

"அக்கா! உள்ள உட்டுச்சிக்கா!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரலில் ஒரு துள்ளல். எனக்கு அழுகை வரும் போல் இருந்தது.

சாயங்காலம் பச்சைப் பெட்டியைத் திறந்தேன். தேனடை கட்டியிருந்த மரச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். வெள்ளை முதுகுக்காரர்கள் அங்கே இருந்தார்கள். மாவு பாதி உதிர்ந்திருந்தது. ஆனால் நல்ல தெம்பாக நடமாடினார்கள். ஒருவனுக்கு ஒரு பெண் தேனீ வாயோடு வாய் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தது. காலையில் செத்துக்கொண்டிருந்தவன் அவன். அவனுக்கு வந்திருந்த நோய் பசி மட்டும்தான்.

ஃபாத்திமா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "துன்ன குடுத்தா பொயச்சிக்குது" என்று மெதுவாகச் சொன்னாள்.

பச்சைப் பெட்டி ஏன் பொறுத்திருந்தது

இன்னொன்றும் அன்று கண்டேன். பச்சைப் பெட்டியில் முட்டை இல்லை. புழுவும் இல்லை. அடையின் அடியில் நிலக்கடலை போல, ராணி வளரும் அறை ஒன்று தொங்கியது. அதன் நுனி வட்டமாக வெட்டித் திறந்திருந்தது. பழைய ராணி எப்படியோ போய்விட்டிருக்கிறாள். இவர்கள் புதிதாக ஒருத்தியை வளர்த்திருக்கிறார்கள். அவள் வெளியே வந்துவிட்டாள், ஆனால் இன்னும் இணை சேரவில்லை. ராணி விவகாரம் முடியாத வீட்டில் ஆண்களைத் துரத்துவதில்லை. பக்கத்து வீட்டில் துரத்தப்பட்டவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு போடுகிறார்கள்.

இதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை வியப்பு. ராணி உத்தரவு போடுவதில்லை. கூட்டம் கூடுவதில்லை. வரும் மகரந்தம் குறைவது, முட்டை, புழுவின் வாசம் இல்லாதது என்று எதையெதையோ வைத்து அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். துரத்துபவர்கள் யார்? அக்கா தங்கைகள். துரத்தப்படுபவர்கள் கூடப் பிறந்தவர்கள். அதிலும் ஆண் தேனீ பிறப்பது கருவுறாத முட்டையிலிருந்து. அவனுக்குத் தாத்தா உண்டு, அப்பா கிடையாது. இதை ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அப்போ இனிஷியல் இன்னா போடும்?" என்று கேட்டார்.

சரி, ராணியோடு சேர்ந்தவனாவது பிழைப்பானா என்றால் அதுவும் இல்லை. வானத்தில் அவளோடு சேர்ந்த கணமே செத்து விழுவான். சேராதவனுக்கு மாடிப்படி. ஃபாத்திமா இதைக் கேட்டு, "பாவம்க்கா, ரெண்டு பக்கமும் பேஜாருதான்" என்றாள். ரஃபீக் வேலை முடிந்து வந்ததும் அவனுக்கு அன்று இரண்டு கரண்டி கறி கூடுதலாக விழுந்தது என்று கேள்வி.

வெள்ளிக்கிழமை ரயில் அவள் இல்லாமல் போனது. "காத்து நல்லாகீதுன்னு நான் சொல்லல. இதுங்க காத்தால சாவல, அவ்ளோதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னாள். அவளுடைய அம்மா ஆம்பூரிலிருந்து இங்கே வந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. வெயில் எட்டிப்பார்த்த ஒரு சில நாட்களில் பச்சைப் பெட்டி ராணி தன் வேலையை முடித்துவிட்டாள் போலிருக்கிறது. அடுத்த முறை திறந்தபோது அறைக்கு ஒன்றாக வெள்ளை முட்டைகள். அதன் பிறகு ஒரு வாரம் போல ஆகியிருக்கும். மைதா பூசி அடைக்கலம் தேடிய அத்தனை பேரும் மறுபடியும் மாடிப்படியில் கிடந்தார்கள். இந்த முறை யாரும் வடக்கே திரும்பவில்லை. ஃபாத்திமாவின் அம்மா விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளினார்.

ஃபாத்திமாவுக்குப் பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. ஆயிஷா என்று பெயர் வைத்தார்கள். பகலில் பாதி நேரம் என் மடியில்தான் கிடக்கும். எனக்குப் பேரன் பேத்தி கிடையாது. அந்த மூன்று நான்கு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

முருங்கை பூத்த ஒரு சாயங்காலம்

அப்புறம் ஒருநாள் வாடை வந்தது. சந்தேகமே இல்லாத வாடை. மூக்குக்குள் சூடாக ஏறி, கண்ணில் நீராக இறங்கியது. தெருவில் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. டேனியல் அண்ணன் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, "கதவ மூடு, கதவ மூடு" என்று கத்திக்கொண்டே போனார்.

ஃபாத்திமா குழந்தையை ஈரத் துணியால் போர்த்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். எதற்கு என்று புரியாமல் நானும் பின்னால் ஓடினேன். இரண்டு பெட்டிகளுக்கும் முன்னால் நின்றாள். தேனீக்கள் முருங்கைப் பூவின் மகரந்தத்தைக் காலில் சுமந்துகொண்டு வந்து இறங்கின. இறக்கிவிட்டு மறுபடியும் கிளம்பின. ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

"பாரு, இதுங்களுக்கு ஒண்ணியும் ஆவல" என்றேன். அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைப்பு எனக்கு.

குழந்தை இருமியது. சின்ன இருமல்தான். பிறகு இன்னொன்று.

"அன்னிக்கு இதுங்க செத்துச்சி, காத்துல ஒண்ணியும் இல்ல. இன்னிக்கு காத்துல வந்துக்குது, இதுங்க சாவல. இதுங்கள பாத்து நான் இன்னாக்கா தெரிஞ்சிக்கறது? எம்புள்ள இருமுது. எனக்கு அது போதும்."

அந்த மாதமே மாதவரத்தில் வீடு பார்த்தார்கள். ரஃபீக் முதலில் முரண்டு பிடித்தான். இங்கிருந்து சாத்தாங்காடு கூப்பிடு தூரம். அங்கிருந்து தினமும் லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அவள் சண்டை போடவில்லை. குழந்தையை அவன் மார்பில் படுக்க வைத்துவிட்டு, அது மூச்சு விடுவதை ஒரு ராத்திரி கேட்கச் சொன்னாள். மறுநாள் அவனே போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தான்.

சாமான் வண்டி முன்னால் போனது. ஆட்டோ வரை குழந்தையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அவள் கையில் கொடுக்க மனமே வரவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. ஏறி உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் சரியாக வைத்துக்கொண்ட பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஈயப் பத்தி நான் கேட்டதுக்கெல்லாம் தேடித் தேடிப் பதில் சொன்னே. ஒண்ணு மட்டும் சொல்லுக்கா. நீயும் மாமாவும் ஏன் இன்னும் இங்கியே கீறீங்க?"

பழக்கம் என்று சொல்லலாம். சொந்த வீடு என்று சொல்லலாம். கடல் பக்கத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் குழந்தையின் காலை ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை எடுத்தேன்.